இராமபாணம் தேடிய மேதை போல் ஏர்லிக்

எய்த அம்பு குறி தவறாது தைத்தல் வேண்டும். குறியல்லாத எதனையும் அது தீண்டலாகாது. இவ்விரு தன்மையும் ஒருங்கே அமைந்த அம்பை நம்மவர் இராமபாணம் என்பர். நோயைத் தவறாது மாற்றும் மருந்துக்கும் அப்பெயரையே இட்டு வழங்குவர். ஜேர்மனிய நாட்டுப் பழங்கதைகளிலும் இதனையொத்த பொருள் ஒன்று உண்டு. வேடன் எங்கே நின்று சுட்டாலும் இலக்கையே சென்று சேரும் மந்திரக் குண்டு அது. கதையிலே கேட்ட இக்குண்டை மருத்துவத்திலே மெய்யாக ஆக்கிக் காட்டலாம் என்று நம்பித் தம் வாழ்நாளை அதற்கே ஈந்த ஒருவர் இருந்தார். அவரே போல் ஏர்லிக் என்னும் ஜேர்மனிய அறிஞர்.

புற்றுநோய்க் கலங்களை மாத்திரம் தேடிச் சென்று, அக்கலங்களின் மேலுள்ள வாங்கிகளைப் பற்றி, உள்ளே புகுந்து அழிக்கும் மருந்துகள் இன்று வழக்கில் உள்ளன. கலத்துக்கு வாங்கி உண்டு என்ற எண்ணமும், அவ்வாங்கியை அறிந்து மருந்தைச் செலுத்தல் வேண்டும் என்ற எண்ணமும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே ஏர்லிக்கின் உள்ளத்தில் முளைத்தவை. இரசாயனப் பொருள் கொண்டு நோய் தீர்க்கும் முறைக்குக் கீமோதெரபி என்ற பெயரை இட்டவரும் அவரே. அம்மேதையின் வாழ்க்கையைச் சிறிது நோக்குவோம்.

பிறப்பும் இளமையும்

சிலேசியா மாகாணத்திலே பிரெஸ்லோ நகருக்குத் தெற்கே ஸ்ட்ரேலன் என்றொரு சிற்றூர் உண்டு. அக்காலத்திற் பிரஷ்ய இராச்சியத்துக்கு உட்பட்டிருந்த அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. அங்கே 1854ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் திகதி ஒரு யூத குடும்பத்திற் போல் ஏர்லிக் பிறந்தார். தந்தையார் இஸ்மார் ஏர்லிக், தாயார் ரோசா. மது வடித்து விற்றலும் அரச அதிர்ஷ்டலாபச் சீட்டுப் பணத்தைத் திரட்டுதலும் தந்தையாரின் தொழில்கள். தாயார் வழி உறவினராகிய கார்ல் வைகேட், ஏர்லிக்குக்கு ஒன்பது வயது மூத்தவர். நோய்க்குறியியலிற் பெயர் பெற்ற வைத்தியர். உடற் பகுதிகளை மெல்லிய தகடுகளாகச் சீவிச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கும் முறையில் அவர் வல்லவர். அவரிடமிருந்தே சாயங்களின் மீதுள்ள மோகம் இளைஞனாகிய ஏர்லிக்கைப் பற்றிக்கொண்டது.

அது சாயத் தொழில் செழித்தோங்கிய காலம். நிலக்கரித் தாரிலிருந்து ஆண்டுதோறும் புதுப் புதுச் சாயங்களை ஜேர்மனிய இரசாயனர் ஆக்கி வந்தனர். அவை ஆடைகளுக்கு நிறமூட்டவே பிறந்தவை. ஏர்லிக்கோ அவற்றைக் கொண்டு உயிர்க் கலங்களின் இரகசியத்தை அறிய முற்பட்டார்.

பிரெஸ்லோ, ஸ்ட்ராஸ்பேர்க், பிரைபேர்க், லைப்சிக் ஆகிய இடங்களிலே வைத்தியம் பயின்றார். பாடத்தை மனனம் செய்து ஒப்புவிப்பதில் அவருக்கு நாட்டமில்லை. அவருடைய மேசை எந்நேரமும் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கறைபட்டுக் கிடக்கும், விரல்களும் அவ்வாறே. பெரும் அறிஞர் ரொபேட் கொக் ஒருமுறை பிரெஸ்லோவுக்கு வந்தபோது, ஆய்வுகூடத்தின் மூலையிலிருந்த இம்மாணவனை ஒருவர் சுட்டிக் காட்டி, சாயமூட்டுவதிலே சூரன், ஆனாற் சோதனையில் மட்டும் தேறமாட்டான் என்று கூறினாராம். எனினும் 1878இல் லைப்சிக்கிலே அவர் வைத்தியப் பட்டம் பெற்றார். பட்டத்துக்கென எழுதிய ஆராய்ச்சியும் சாயமூட்டுதலைப் பற்றியதே.

சாயம் கற்பித்த பாடம்

பட்டம் பெற்றவுடன் பெர்லின் நகரிலுள்ள புகழ்பெற்ற சாரிற்றே வைத்தியசாலையிற் பேராசிரியர் பிரெறிக்ஸ் என்பாரின் கீழ் உதவி வைத்தியராக அமர்ந்தார். அங்கே குருதித் துளிகளைக் கண்ணாடித் தகட்டிலே பரப்பிப் பல சாயங்களை இட்டுப் பார்த்தார். ஒரே வகையின என்று எண்ணப்பட்டிருந்த வெண்குருதிக் கலங்கள் பல வகையின என்பது தெரிய வந்தது. சில கலங்கள் அமிலச் சாயத்தை ஏற்றன. சில மூலச் சாயத்தை ஏற்றன. சில இரண்டையும் ஏற்றன. இன்று வைத்தியசாலையில் நாம் பெறும் குருதிப் பரிசோதனைத் தாளிலே ஈசினோபில் முதலிய பெயர்கள் காணப்படுகின்றனவே, அவ்வகுப்பு முறைக்கு அடிகோலியவர் ஏர்லிக்.

1882 மார்ச் 24ஆம் திகதி கசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்ததை ரொபேட் கொக் பெர்லினில் அறிவித்தபோது, அவையிலே ஏர்லிக்கும் இருந்தார். அன்றிரவே வீடு சென்று அக்கிருமிக்கு மேலும் தெளிவாக நிறமூட்டும் வழியைத் தேடலானார். சாயமிட்ட கண்ணாடித் தகடுகளை உலர்வதற்காக ஆறிப்போன அடுப்பின் மேல் வைத்திருந்தார் என்றும், மறுநாட் காலை அதை அறியாது அடுப்பு மூட்டப்பட்டது என்றும், அச்சூட்டினாலேயே கிருமிகள் மிகத் தெளிவாகச் சாயமேற்றிருந்தன என்றும் சொல்வர். கொக் அம்முறையை மனமுவந்து ஏற்றார். அன்று தொடங்கிய நட்பு இருவருக்குமிடையே நெடுங்காலம் நிலைத்தது. 1883இல் ஹெட்விக் பிங்குஸ் என்னும் நங்கையை ஏர்லிக் மணந்தார். இரு பெண்மக்கள் பிறந்தனர்.

இக்காலத்தில் அவர் செய்த சோதனையொன்று பின் வந்த அனைத்துக்கும் வித்தாயிற்று. மெதிலீன் நீலம் என்னும் சாயத்தை உயிருள்ள பிராணியின் உடலிலே செலுத்தினார். அது உடலெங்கும் ஒரே அளவாகப் பரவி நிற்கவில்லை. நரம்புகளைத் தேடிச் சென்று அவற்றையே நீலமாக்கியது. உடலிலே ஆயிரம் வகைக் கலங்கள் இருக்க, இச்சாயம் ஏன் நரம்பை மாத்திரம் நாடுகிறது? இக்கேள்வியை ஏர்லிக் விட்டுவிடவில்லை. ஒரு பொருள் ஒரு கலத்தைத் தெரிந்து பற்றுமாயின், பற்றும் பொருளுக்கும் பற்றப்படும் கலத்துக்குமிடையே ஓர் உறவு இருத்தல் வேண்டும். அவ்வுறவை அறிந்தால், நோய்க் கிருமியை மட்டும் பற்றும் பொருளையும் ஆக்கலாம் அல்லவா? 1891இல் வைத்தியர் குட்மன் என்பாருடன் கூடி, மலேரியாக் காய்ச்சலுற்ற இரு நோயாளிகளுக்கு அதே மெதிலீன் நீலத்தைக் கொடுத்துப் பார்த்தார், இருவரும் குணமடைந்தனர். கொயினாவை வெல்லும் ஆற்றல் அதற்கு இல்லையெனினும், ஆய்வுகூடத்தில் ஆக்கிய பொருளொன்று மனிதனின் நோய்க் கிருமியை எதிர்க்க வல்லது என்பது புலனாயிற்று.

இதற்கிடையே அவரையே கசநோய் பற்றியது. தம் சளியைத் தாமே சோதித்துக் கிருமியைக் கண்டறிந்தார். 1888இல் மனைவியாருடன் எகிப்து நாடு சென்று, அவ்வெப்ப நாட்டிலே தங்கி உடல் தேறித் திரும்பினார். திரும்பியவருக்கு உத்தியோகம் இல்லை. சிறியதோர் இடத்தை வாடகைக்கு அமர்த்தித் தம் செலவிலே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பின்னர் ரொபேட் கொக்கே அவரைத் தம் நிலையத்துக்கு அழைத்துக்கொண்டார்.

குன்றிமணியும் ஆமணக்கும்

ஏர்லிக் அடுத்து எடுத்துக்கொண்ட பொருள்கள் நமக்கு மிகவும் பழக்கமானவை. நம் பொற்கொல்லர் பொன் நிறுக்கும் குன்றிமணியிலே கொடிய நஞ்சொன்று உண்டு. ஆமணக்கு வித்திலும் அத்தகைய நஞ்சு உண்டு. இந்நஞ்சுகளை மிகச் சிறிய அளவிலே தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து வந்தார். சில வாரங்களின் பின், சாதாரண எலியைக் கொல்லும் அளவினும் பன்மடங்கு நஞ்சை உண்டும் அவை சாகவில்லை. ஆனால் ஆமணக்கு நஞ்சைத் தாங்கப் பழகிய எலி, குன்றிமணி நஞ்சுக்கு ஆற்றாது மாண்டது. உடல் ஆக்கும் காப்பு, நஞ்சுக்கு நஞ்சு வேறு என்பது தெளிவாயிற்று. காப்புப் பெற்ற தாயெலியிடம் வேறொரு தாயின் குட்டிகளை விட்டுப் பாலூட்டச் செய்தபோது, அக்குட்டிகளும் காப்புப் பெற்றன. தாய்ப்பால் உணவாவதோடு காப்பும் ஆகிறது என்பதை இவ்வாறு விளக்கினார்.

அந்நாளிலே தொண்டைக்கரப்பன் நோயாற் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் மூச்சடைத்து மாண்டு வந்தனர். எமில் பேரிங் என்பார் குதிரைக் குருதியிலிருந்து அதற்கு மாற்றுநீர் கண்டார். எனினும் ஒரு நாள் எடுத்த நீர் வலிதாயும் மறுநாள் எடுத்தது மெலிதாயும் இருந்தபடியால், வைத்தியர் அதை நம்பி வழங்க இயலவில்லை. அதன் வலுவை அளக்கும் முறையையும், ஒப்பிடுவதற்கான நிலையான அளவையும் 1897இல் வகுத்துக் கொடுத்தவர் ஏர்லிக். அவருடைய முறை பின்னர் உலகெங்கும் பரவியது. இம்மருந்தினால் வந்த பெருஞ் செல்வம் பேரிங்குக்கே சென்றது; ஏர்லிக்குக்குக் கிடைத்தது அற்பம். நண்பர் இருவருக்குமிடையே அதனால் மனக்கசப்பு உண்டாயிற்று.

கலத்தின் கைகள்

அதே 1897ஆம் ஆண்டிலே ஏர்லிக் தம் புகழ்பெற்ற பக்கச் சங்கிலிக் கொள்கையை வெளியிட்டார். இதனைச் சற்று விரிவாக அறிதல் நன்று. புற்றுநோய் வைத்தியத்தின் புதிய வழி இதிலிருந்தே கிளைக்கின்றது.

உயிர்க் கலம் ஒவ்வொன்றும் தன் மேற்புறத்தே பல கைகளை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவர் எண்ணினார். குருதியில் மிதந்துவரும் உணவுப் பொருளைப் பற்றி உள்ளே எடுப்பதற்கே அக்கைகள் உள்ளன. ஒவ்வொரு கையும் தனக்கென அமைந்த வடிவுடைய பொருளையே பற்றும். பூட்டுக்கு ஏற்ற திறவுகோல் போல என்று கொள்க. நஞ்சொன்று உணவின் வடிவை ஒத்திருக்குமாயின், அக்கை ஏமாந்து அதைப் பற்றிவிடும், கலம் கெடும். பிழைத்த கலமோ இழந்த கைக்கு ஈடாகப் பல கைகளை முளைக்கச் செய்து, மிகுந்தவற்றைக் குருதியிலே உதிர்த்து விடும். உதிர்ந்து மிதக்கும் அக்கைகளே நஞ்சை வழியிலேயே மறித்துப் பற்றும் பிறபொருளெதிரிகள். 1900ஆம் ஆண்டு முதல் இக்கைகளை வாங்கிகள் என்று அழைக்கலானார். அவ்வாண்டு இலண்டன் அரச கழகத்திலே படங்கள் வரைந்து இக்கொள்கையை விளக்கினார். படங்களைக் கண்டு நகைத்தவர்களும் உண்டு; கண்ணாற் காணாத கைகளுக்கு இவர் எப்படி உருவம் எழுதினார் என்று வினவினர்.

இக்கொள்கையிலே பிழையான பகுதிகளும் உள. பிறபொருளெதிரியைச் சுரப்பது வெண்குருதிக் கலங்களுள் ஒரு வகையே என்பது பின்னர் அறியப்பட்டது. ஆயினும் கலத்தின் மேல் வாங்கிகள் உண்டு, ஒவ்வொன்றும் தனக்குரியதையே பற்றும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. 1908இல் ருஷிய அறிஞர் மெச்னிக்கொவுடன் நோபெல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார்.

தொடக்கத்திலே, நஞ்சுகளுக்கே வாங்கி உண்டு, சாதாரண மருந்துகளுக்கு இல்லை என்று ஏர்லிக் கருதியிருந்தார். இங்கிலாந்து அறிஞர் லாங்லியின் ஆராய்ச்சியும், தம் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த ஒரு விந்தையும் அக்கருத்தை மாற்றின. நித்திரை நோய்க் கிருமிகளுள் சில, மருந்துக்கு மெல்ல மெல்லப் பழகிப் பின் அம்மருந்துக்கு அசையாதிருப்பதைக் கண்டார். மருந்தைப் பற்றும் கை கிருமியிலே மாறிவிட்டது என்றே இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆகவே மருந்துக்கும் வாங்கி உண்டு. பற்றப்படாத பொருள் வேலை செய்யாது என்ற முடிவுக்கு வந்தார். தம் கூற்றே பிழை என்று கண்டவிடத்து அதை விட்டுவிட அவர் நாணியதில்லை.

606

1899இல் ஏர்லிக்கின் நிலையம் பிராங்போட் நகருக்கு மாற்றப்பட்டது. அங்கே காலஞ்சென்ற வங்கியாளர் கியோர்க் ஸ்பையரின் மனைவியார் பிரான்சிஸ்கா ஸ்பையர் அளித்த பெருங்கொடையினால், கணவரின் பெயரைத் தாங்கிய ஆராய்ச்சி நிலையமொன்று 1906இல் எழுந்தது. இரசாயனச் சிகிச்சைக்கென்றே அமைந்த நிலையம் அது. தினந்தோறும் வர்ண அட்டைகளிலே அன்றைய வேலையை எழுதி ஒவ்வோர் உதவியாளருக்கும் அனுப்புவது அவர் வழக்கம். வாயிற் சுருட்டு அணையாது. நாளொன்றுக்கு 25 சுருட்டு வரை புகைப்பார். ஊண் மறந்து வேலை செய்வார். ஆராய்ச்சிக்குப் பணம், பொறுமை, திறமை, நல்லூழ் ஆகிய நான்கும் வேண்டும் என்று அடிக்கடி கூறுவார்.

ஆசனிக்கு என்னும் பாஷாணம் கலந்த அற்றொக்சில் என்ற மருந்து நித்திரை நோய்க் கிருமியைக் கொல்லும் என்று அக்காலத்திலே கண்டிருந்தனர். ஆனால் ஆபிரிக்காவிலே அம்மருந்தைப் பெற்ற நோயாளர் சிலரின் கண் நரம்பு கெட்டுப் பார்வை அழிந்தது. குண்டு கிருமியையும் தாக்கிற்று, கண்ணையும் தாக்கிற்று. இதுவே ஏர்லிக்கின் நெஞ்சை உறுத்திய பிரச்சினை. அற்றொக்சிலின் அமைப்பு முன்னர் எண்ணியிருந்தது போன்றதன்று என்பதை அவரும் இரசாயனர் அல்பிரட் பேர்த்தைமும் 1907இல் நிறுவினர். அமைப்புத் தெரிந்ததும் அதனை வெட்டியும் ஒட்டியும் நூற்றுக்கணக்கான புதுப் பொருள்களை ஆக்க வழி பிறந்தது. கிருமியின் வாங்கியை இறுகப் பற்றி, மனிதனின் உறுப்புகளைப் பற்றாத ஒன்று அவற்றுள் எங்கேனும் இருத்தல் வேண்டும் என்று அவர் நம்பினார்.

சிபிலிசு என்னும் கொடிய மேகநோயின் கிருமி 1905இற் கண்டறியப்பட்டது. அந்நோய் தலைமுறைகளை அழித்து வந்தது. இரசம் பூசுவதே அதற்கிருந்த மருந்து. முயல்களுக்கு அந்நோயை உண்டாக்கிச் சோதிப்பதிலே தேர்ந்த சஹாச்சிரோ ஹாட்டா என்னும் ஜப்பானிய வைத்தியர் 1909இல் பிராங்போட் வந்து சேர்ந்தார். பயனற்றது என்று முன்னர் ஒதுக்கி வைத்த பொருள்களையும் விடாது, ஒவ்வொன்றாக மீண்டும் சோதிக்கும்படி ஏர்லிக் அவரிடம் ஒப்படைத்தார். பட்டியலிலே 606 என்ற இலக்கம் பெற்ற பொருளை நோயுற்ற முயலுக்கு ஏற்றியபோது, மறுநாளே அதன் புண்ணில் உயிருள்ள கிருமி ஒன்றேனும் காணப்படவில்லை. சில வாரங்களிற் புண்ணும் ஆறியது.

1910 ஏப்பிரலிலே வீஸ்பாடன் நகர மாநாட்டில் இச்செய்தி அறிவிக்கப்பட்டது. உலகெங்குமிருந்து வைத்தியரும் நோயாளரும் பிராங்போட்டுக்குக் கடிதம் எழுதலாயினர். ஏர்லிக் அவசரப்படவில்லை. ஏறத்தாழ 65,000 அளவு மருந்தை வைத்தியர்களுக்கு இலவசமாகவே அனுப்பி, ஒவ்வொரு நோயாளிக்கும் நேர்ந்ததைத் தமக்கு எழுதும்படி கேட்டார். அவ்வறிக்கைகளைப் பரிசீலித்த பின்னரே, அவ்வாண்டின் இறுதியிற் சல்வர்சான் என்ற பெயரோடு மருந்து விற்பனைக்கு வந்தது. எளிதிற் கரையும் நியோசல்வர்சான் 1912இல் வந்தது.

புகழும் பழியும்

சல்வர்சான் அருமருந்தே, ஆயினும் இராமபாணம் அன்று. ஒரே ஊசியிலே கிருமி முழுவதும் ஒழியும் என்ற ஏர்லிக்கின் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. பலமுறை ஏற்ற வேண்டியிருந்தது. காற்றுப் பட்டால் மருந்து கெட்டு நஞ்சாகும். நாளத்தின் வெளியே சிந்தினால் தசை அழுகும். சிலர் மாண்டும் போயினர். ஒவ்வொரு மரணச் செய்தியையும் அவர் தமதாகவே ஏற்று, மருந்து கரைத்த நீர் யாது, அளவு யாது, நோயாளியின் முந்திய நோய் யாது என்று விசாரித்து எழுதினார். தீங்கை மறைத்து மருந்தைக் காக்க அவர் முயலவில்லை.

பகைவரோ சும்மா இருக்கவில்லை. பணத்துக்காக மக்களைப் பலியிடுகிறார் என்று தூற்றினர். பத்திரிகையாளர் ஒருவர், பிராங்போட்டிலே பொதுமகளிர்க்கு இம்மருந்து பலவந்தமாக ஏற்றப்படுகிறது என்று எழுதினார். வழக்கு 1914இல் நீதிமன்றம் சென்றது. ஏர்லிக்கும் சாட்சியம் அளித்தார். குற்றச்சாட்டு நிலைக்கவில்லை, எழுதியவருக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. எனினும் அக்காலத்து மனநோவு அவர் உடலை வாட்டியது. அதே ஆண்டிற் போர் மூண்டது. ஜேர்மனியின் போர்ச் செயலை ஆதரித்து 93 அறிஞர் வெளியிட்ட அறிக்கையில் அவரும் ஒப்பமிட்டார். அவருடைய வாழ்விலே பின்னோர் மெச்சாத செயல் இது. நாடுகளெங்குமிருந்த நண்பரோடு கொண்ட தொடர்பு போரினால் அறுந்தது. 1915 ஓகஸ்ட் 20ஆம் திகதி பாட் ஹொம்பேர்க் என்னும் இடத்தில் மாரடைப்பினால் தமது 61ஆம் வயதிற் காலமானார்.

இறந்த பின்னும் அவரைத் துன்பம் விடவில்லை. நாஜிகள் ஆட்சியிலே, யூதர் என்ற காரணத்தால் அவர் பெயர் தாங்கிய வீதியின் பெயர் மாற்றப்பட்டது. மனைவியார் ஹெட்விக் நாட்டை விட்டு வெளியேறி, 1948இல் அமெரிக்காவிற் காலமானார். போர் முடிந்தபின் பெருமை மீண்டது. அவர் நடத்திய அரச நிலையத்துக்கு 1947இல் அவருடைய பெயரே இடப்பட்டது. யூரோ வரும்வரை வழங்கிய 200 மார்க் தாளிலும் அவர் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது.

புற்றுநோயும் மந்திரக் குண்டும்

பிராங்போட்டிலே ஏர்லிக் புற்றுநோயையும் ஆராய்ந்தார். ஓர் எலியின் கட்டியை மற்றோர் எலிக்கு மாற்றி வளர்த்துப் பல ஆண்டுகள் சோதித்தார். அதற்கு மருந்து காண அவரால் இயலவில்லை. காரணம் எளிது. கிருமி அந்நியன், அதன் வாங்கிகள் வேறு. புற்றுநோய்க் கலமோ நம் உடலிற் பிறந்த கலம். நற்கலத்தின் சாயல் அதற்கு உண்டு. அந்நியனைச் சுடுதல் எளிது. வீட்டிலிருந்து கெட்டவனை மற்றவர்க்கு ஊறின்றிப் பிரித்தல் அரிது.

1942இல், போர் நச்சுவாயு ஆராய்ச்சியிற் பிறந்த நைதரசன் மஸ்ரட் என்னும் பொருள் அமெரிக்காவில் முதன்முதலாகப் புற்றுநோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. 1948இல் சிட்னி பாபர் என்னும் வைத்தியர் அமினொப்டெரின் என்ற மருந்தினாற் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்தார். அம்மருந்தை ஆக்கித் தந்த ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. இம்மருந்துகள் விரைந்து பெருகும் கலங்களைக் கொல்வன. புற்றுநோய்க் கலம் விரைந்து பெருகும். மயிர்க்காலும் குடலின் உட்சுவரும் என்புமச்சையும் அவ்வாறே பெருகும். ஆகவே மயிர் உதிர்தலும் வாந்தியும் குருதிக் குறைவும் நோயாளியை வருத்துகின்றன. இத்துன்பத்தைக் கண்டு அஞ்சிச் சிகிச்சையையே கைவிட எண்ணுபவர் நம்மிடையேயும் உளர்.

குறியை அறிந்து சுடும் வழி 1975இல் திறந்தது. கேளர், மில்ஸ்ரைன் என்னும் இருவர், வேண்டிய ஒரே வகைப் பிறபொருளெதிரியை அளவின்றிப் பெருக்கும் முறையைக் கண்டனர். ஏர்லிக் கற்பனையில் வரைந்த உதிர்ந்த கைகளை இப்பொழுது ஆய்வுகூடத்திலே வேண்டியவாறு ஆக்கலாம்! மார்பகப் புற்றுநோய்களுள் 100க்கு 15 முதல் 20 வரையானவற்றிலே, கலத்தின் மேல் ஹேர்-2 என்னும் வாங்கி அளவுக்கு மிஞ்சிக் காணப்படுகிறது. அவ்வாங்கியைப் பற்றும் திரஸ்றுசுமாப் என்ற பிறபொருளெதிரி 1998இல் அமெரிக்காவிலே சிகிச்சைக்கு அங்கீகரிக்கப்பட்டது.

அடுத்த படி இன்னும் விந்தையானது. அதே பிறபொருளெதிரியின் முதுகிலே கொடிய நஞ்சை இரசாயனக் கயிற்றினாற் கட்டி அனுப்பினர். தனியே கொடுத்தால் உடல் தாங்காத நஞ்சு அது. ஒரு பிறபொருளெதிரி சராசரி மூன்று அல்லது நான்கு நஞ்சு மூலக்கூறுகளைச் சுமந்து செல்லும். அது வாங்கியைப் பற்றியதும், கலம் வாங்கியோடு சேர்த்து அதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே கலத்தின் சமிபாட்டுப் பையிலே சுமை அவிழ்கிறது. வெளிவந்த நஞ்சு கலத்தைப் பெருகவிடாது கொல்கிறது. உணவென்று நம்பி நஞ்சை வாங்கும் கை என்று 1897இல் ஏர்லிக் எழுதியது, இங்கே நோயின் மீதே திருப்பப்பட்டிருக்கிறது. இவ்வகை மருந்தாகிய திரஸ்றுசுமாப் எம்டன்சின் 2013இல் வழக்கிற்கு வந்தது. போலிக் அமில வாங்கியைக் குறியாகக் கொண்டு சூலகப் புற்றுநோய்க்கு ஆக்கிய மருந்தொன்று 2022இல் வந்தது.

இவையும் முற்றாகக் குறி தவறாதன என்று எண்ணற்க. ஹேர்-2 வாங்கி இதயத் தசையிலும் சிறிதளவு உண்டு. ஆதலின் இம்மருந்து பெறுவோரின் இதயத்தை வைத்தியர் இடையிடையே சோதிக்கின்றனர். கயிறு வழியில் அவிழ்ந்தால் நஞ்சு நற்கலத்தையும் தாக்கும். சில புற்றுநோய்க் கலங்கள் தம் வாங்கியைக் குறைத்து மருந்துக்குத் தப்புகின்றன. நித்திரை நோய்க் கிருமியில் ஏர்லிக் கண்டதும் இதுவே. வாங்கி இல்லாத நோய்க்கு வாங்கி தேடும் மருந்து உதவாது. எனவே கட்டியின் சிறு துண்டை எடுத்துச் சாயமூட்டி, வாங்கி உண்டா என்று பார்த்தே மருந்து தெரிகின்றனர். சாயமூட்டிக் காணும் அப்பழைய கலையே இன்றும் வைத்தியனுக்கு வழிகாட்டுகிறது. மருந்தின் விலையோ மிகப் பெரிது. ஏழைக்கும் அது எட்டும் நாள் வந்தாலன்றி வேட்டை முற்றுப்பெறாது.

முடிவுரை

இளைஞர்களே! ஏர்லிக்கின் வாழ்விலே நாம் காண்பது ஒரே கேள்வியை 40 ஆண்டுகள் விடாது பற்றிய உறுதி. சோதனையிலே தேறமாட்டான் என்று எள்ளப்பட்ட மாணவன், மேசையிற் கறைபடிந்த சாயத்திலிருந்து தொடங்கி மருத்துவத்துக்கே புதுவழி வகுத்தான். நோய், பகை எவையும் அவரைத் தம் பாதையினின்று திருப்பவில்லை. ஒதுக்கியதை மீண்டும் சோதித்தார். பிழை கண்டவிடத்துக் கொள்கையைத் திருத்தினார். தம் மருந்தின் தீங்கைத் தாமே எண்ணிக் கணக்கு வைத்தார். மருந்து நோயைக் கொன்றாற் போதாது, நோயாளியைக் காக்கவும் வேண்டும் என்ற அளவுகோலை அவர் ஒருபோதும் தாழ்த்தவில்லை.

பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. புற்றுநோய் என்ற சொல்லையே வாயாற் கூற அஞ்சி, நோயை ஒளித்து, காலந்தாழ்த்தி வைத்தியரை நாடும் வழக்கம் இன்னும் நம் இல்லங்களில் உண்டு. எந்த வகைப் புற்றுநோய், எந்த வாங்கியை உடையது என்று அறிந்து மருந்து கொடுக்கும் காலம் இது. காலத்தோடு சென்று சோதித்துக்கொள்வோர்க்கே அவ்வறிவு முழுப் பயனளிக்கும்.

பிராங்போட்டிலே 1906இல் எழுந்த அந்த ஸ்பையர் நிலையம் இன்றும் நடைபெறுகிறது. அங்கே இன்று ஆராயப்படுவது, ஏர்லிக் தீர்க்க இயலாது விட்டுச் சென்ற புற்றுநோயே. அவர் தொடங்கிய வேட்டை அவர் பணியாற்றிய மனையிலேயே தொடர்கிறது. அதிலே பங்குகொள்ளும் அறிஞர் நம் இளைஞரிடையேயிருந்தும் தோன்றுவாராக!